ஈயத்துக்கு ஒரு சட்டை

ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் துப்பாக்கியில் போடுகிற ஈயக் குண்டும் ஒரே உலோகம் அல்ல. சொம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டுக் களிம்பு ஏறாமலிருக்க, நம் ஊரில் அதன் உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள். சாதுவான ஓர் உலோகத்தை நடுவில் நிறுத்திச் சாப்பாட்டைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவர்கள் இப்போது இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே பூச்சு ஏறுவது ஈயத்தின் மேல். வீட்டில் உருக்கி வார்த்த காரீயக் குண்டுக்கு வண்ணப் பிளாஸ்டிக்கில் மெல்லிய சட்டை ஒன்று போட்டு, அதன்பிறகே துப்பாக்கிக்கு அனுப்புகிறார்கள். இந்தச் சட்டை யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. என் கணிப்பில் அது துப்பாக்கிக் குழலை நன்றாகக் காப்பாற்றுகிறது, சுடுகிறவரை ஓரளவு காப்பாற்றுகிறது, அவர் வீட்டுக் குழந்தையை அநேகமாகக் காப்பாற்றுவதே இல்லை. ஆனால் அதன் மேல் வைக்கப்படும் நம்பிக்கை மூவரையும் காப்பாற்றும் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

தொழிலை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில், அடித்தால் பொறி கொடுக்கும் சிறிய கேப்பு, கூட்டுக்குள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டு முடித்ததும் மருந்து எரிந்துபோகும், குண்டு பறந்துபோகும், கூடு மட்டும் முழுதாகத் தரையில் விழும். விலை கூடிய பாகமும் அதுதான். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவது அமெரிக்காவில் பழைய பழக்கம். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம்கூட அங்கே தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால் நமக்கு இந்தப் பொழுதுபோக்கு அந்நியமானது. அங்கே இன்னும் சிக்கனமாக இருக்க நினைப்பவர்கள் குண்டையும் கடையில் வாங்காமல் ஈயத்தை உருக்கி அச்சில் வார்க்கிறார்கள். சுத்த ஈயம் நகம் பட்டாலே கீறல் விழுமளவு மெத்தென்றது. அதனால் இறுக்கத்துக்கு ஆன்டிமனியும், அச்சின் மூலைவரை ஓடிப் பாய வெள்ளீயமும் சேர்ப்பார்கள். பல வருடங்களாக இந்தக் கலவை இலவசமாகவே கிடைத்தது: கார் சக்கரத்தைச் சமன்படுத்த விளிம்பில் மாட்டும் ஈய வில்லைகள் பஞ்சர் கடைகளில் குவிந்துகிடந்தன. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அந்த வில்லையில் ஈயத்தைத் தடை செய்தபின் வரத்து குறைந்தது. இன்னொரு மூலம் அச்சுக்கூடம். லைனோடைப் இயந்திரத்தின் எழுத்து உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆப்செட் வந்து அந்த இயந்திரங்கள் காயலான் கடைக்குப் போனபோது, ஒருகாலத்தில் செய்தியாக அச்சேறிய உலோகம் குண்டாக உருமாறியது.

ஈயக் குண்டுக்கு மேலே ஏதாவது ஒன்று ஏன் தேவை? குழலின் உட்சுவரில் திருகின் மரைபோல வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியேறினால்தான் நேராகப் போகும். மெத்தென்ற ஈயம் அப்படி உரசிக்கொண்டு ஓடும்போது சுவரில் ஈஷிக்கொள்கிறது. குண்டு குழலைவிடத் துளி சிறுத்திருந்தால் இன்னும் மோசம்: பின்னாலிருந்து தள்ளும் சூட்டு வாயு பக்கவாட்டில் பீறிட்டு, ஈயத்தை அரித்து, அந்த ஈயத்தைச் சுவரில் அப்பிவிடும். நாலு தடவை சுட்டதும் குறி தவறத் தொடங்கும். பிறகு கம்பி பிரஷ்ஷால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். இதற்குப் பழைய மருந்து கொழுப்பு. நம் சரித்திரத்தில் மிகவும் பேர்போன கொழுப்பும் இதற்காகத் தடவியதுதான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் கொழுப்பு பூசியிருந்தது ஈயக் குண்டு கரிமருந்துப் புகைக்கரியில் சிக்காமல் வழுக்கிப் போக. அது பசுவுடையதா பன்றியுடையதா என்ற சந்தேகம் 1857இல் டம்டமிலிருந்து பாரக்பூருக்கும் மீரட்டுக்கும் பரவியதைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தக் கொழுப்பு அங்கே ஏன் இருந்தது என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்வதில்லை. சிப்பாய்களின் கோபத்துக்கு அதைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன என்பது வேறு கதை. பொறி விழுந்த இடம் ஈயத்தின் மேற்பூச்சு.

பிறகு புகையில்லா மருந்து வந்தது. 1880களில் பிரான்சில் உருவான அந்த மருந்து குண்டை முன்பைவிட அதிக வேகத்தில் உந்தியது. வெறும் ஈயம் அந்த வேகத்தில் வரிப்பள்ளத்தைப் பற்ற முடியாமல் வழித்துக்கொண்டு வந்தது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் ஈயத்துக்குப் போட்டிருந்த செம்பு உறை இதற்கு விடையானது. இன்றுவரை ராணுவங்களின் குண்டு அந்த வழியில்தான் வருகிறது. உறையின் மூக்கைத் திறந்துவிட்டால் குண்டு உடம்புக்குள் விரிந்து கொடூரமாகக் கிழிக்கும் என்று கண்டுகொண்டதும் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச்சாலைதான். 1899இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது, ஊரின் பெயர் மட்டும் குண்டுக்கு ஒட்டிக்கொண்டது. செம்பு உறை போடப் பெரிய அழுத்து இயந்திரங்கள் வேண்டும். வீட்டில் வார்ப்பவரால் அது ஆகாது. அதனால் அவர் பழைய பாதையிலேயே நின்றார்: குண்டைச் சுற்றிப் பள்ளம், பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த பிசுக்கு. அது வேலை செய்தது. ஆனால் கை பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், வெயிலில் உருகும், சுட்டால் கண் எரிகிற அளவு புகையும். பலரும் ஈயப்புகை என்று பயந்தது பெரும்பாலும் இந்த மெழுகு கருகிய புகையைத்தான்.

பிளாஸ்டிக் பூச்சு இந்த இடத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ஹை-டெக் போன்ற திரவப் பூச்சுகளை மெல்லிய படலங்களாகத் திரும்பத் திரும்பப் பூசிச் சுடவைப்பார்கள். மற்றது நமக்கு நன்றாகத் தெரிந்த பவுடர் கோட்டிங். அம்பத்தூரிலும் கோவையிலும் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அலுமினிய ஜன்னலுக்கும் போடுகிற அதே பாலியெஸ்டர் பொடி. பட்டறையில் மின்னேற்றம் கொடுத்து ஒட்டவைப்பதைத் தோட்டாக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குண்டையும் பொடியையும் போட்டுக் குலுக்கிச் சாதித்துவிடுகிறார்கள்; உரசலில் உண்டாகும் நிலைமின்சாரமே பொடியைக் குண்டில் ஒட்டவைக்கும். பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் அடுப்பு. ஈயம் உருகுவது 327 டிகிரியில் என்பதால் உள்ளே குண்டு உருக்குலையாது, வெளியே பொடி இளகி ஒன்றோடொன்று பின்னி இறுகும். நன்றாக வெந்ததா என்று பார்க்கும் சோதனையும் எளிது: ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டையாக நசுக்கினால் பூச்சு பொரிந்து உதிரக் கூடாது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக ஜெம்ஸ் மிட்டாய்போல வந்து விழும். (குழந்தை இருக்கும் வீட்டில் ஈயம் மிட்டாய் நிறத்தில் இருப்பதே எனக்கு ஒரு குறையாகப் படுகிறது.) சூட்டு வாயு பட்டும் பூச்சு தாக்குப்பிடிப்பது எப்படி என்றால், குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது, பிளாஸ்டிக் கருகத் தொடங்குவதற்குள் அது வெளியே போய்விடுகிறது. குழலில் ஈயம் அப்புவதில்லை, மெழுகுப் புகை இல்லை, கை பிசுபிசுப்பதில்லை. அடிப்பக்கம் உட்பட முழுக் குண்டும் மூடியிருப்பதால், அடி திறந்த செம்பு உறைக் குண்டிலிருந்து சூட்டு வாயு ஈயத்தை ஆவியாக்குவதுபோல இங்கே ஆவதற்கும் இடம் குறைவு. பொழுதுபோக்காளர்கள் தாமாகக் கண்டுபிடித்துச் செம்மைப்படுத்திய நுட்பங்களில் இது மெச்சத் தகுந்தது.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில் ஆரம்பிக்கிறது: “மூடியாயிற்று, இனி ஈயத்தைப் பற்றிக் கவலையில்லை.” பூச்சு ஏறுவதற்கு முன்னால் அந்த ஈயம் கடந்துவந்த வழியைப் பார்க்க வேண்டும். காயலான் கடைச் சாக்கைக் கொட்டிப் பிரிக்கும்போது தூசி. உருக்கும்போது மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடு. அதில் பெரும்பகுதி ஈய ஆக்சைடு, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். அதைக் கரண்டியால் வழித்துத் தகர டப்பாவில் தட்டும்போது எழும் பொடி சட்டையிலும் முடியிலும் தரையிலும் படிகிறது. பழைய கார் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்க நினைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கெட்டது. அமிலமும் நஞ்சான வாயுக்களும் சேர்ந்துகொள்ளும். அனுபவமுள்ள வார்ப்பவர்களே அதைத் தொடாதே என்கிறார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் பொடி டப்பா திறக்கப்படுகிறது. திருடன் போனபின் போட்ட பூட்டு, பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தத் திருட்டைத் தடுத்ததாகாது.

இதற்கு வார்ப்பவர்களிடம் ஒரு பதில் உண்டு, அறிவியல் சார்ந்த பதில். ஈயம் கொதிப்பது 1749 டிகிரியில். நாங்கள் உருக்குவது 400 டிகிரிக்குக் கீழே. அந்தச் சூட்டில் ஆவி கிளம்புவது மிகச் சொற்பம் என்கிறார்கள். அது உண்மை. உருக்குச் சட்டியின் மேல் குனிந்தால் ஈய ஆவி மூக்கில் ஏறிவிடும் என்ற பரவலான பயம், சூட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும்வரை, மிகைதான். ஆனால் இந்தப் பதில் தவறான கேள்விக்குச் சொன்ன சரியான பதில். வீட்டில் ஈயம் உடம்புக்குள் போகும் முதன்மையான வழி மூக்கு அல்ல, வாய். ஆவி இல்லாவிட்டாலும் பொடி இருக்கிறது. பொடி விரலுக்கு வரும், விரல் வடைக்குப் போகும், சிகரெட்டுக்குப் போகும். வயது வந்தவர் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேர்கிறது. சிறு குழந்தையின் குடல் பாதிவரைகூட உறிஞ்சிக்கொள்ளும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. இரத்தத்திலிருந்து பாதி வெளியேற ஒரு மாதம் போல ஆகும். எலும்பிலிருந்து வெளியேறப் பல பத்தாண்டுகள். கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் சேர்ந்து இறங்கிக் கருவுக்குப் போகும். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கான எச்சரிக்கைக் கோட்டை 2021இல் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆக இறக்கியது.

பூச்சுக்குப் பின்னால் நடப்பதையும் பார்க்கலாம். விசையை அழுத்தியதும் முதலில் வெடிப்பது கேப்பு. பாதரசக் கலவைகளுக்குப் பதிலாக 1920களின் இறுதியில் வந்து இன்றும் பெரும்பாலான கேப்புகளில் இருப்பது ஈய ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம். அது வெடித்து நுண்துகளாகச் சுடுகிறவரின் முகத்தருகே கலைகிறது. குண்டுக்கு எத்தனை சட்டை போட்டாலும் இந்த ஈயத்தைத் தொடாது. துப்பாக்கி சுடும் கூடங்களில் ஈயப் பாதிப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அறிக்கை ஒன்று 36 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 31இல், சுட்டவர்களில் சிலருக்காவது இரத்த ஈயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 15இல் 40ஐத் தாண்டியவர்களும் இருந்தார்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் ராணுவச் சுடுகூடப் பணியாளர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, 40க்குக் கீழே இருந்தால் போதும் என்ற பழைய தொழிலகத் தரம் அவர்களைக் காக்கவில்லை என்றே முடிவு சொன்னது. இந்த எண்கள் கேப்பையும் குண்டையும் சேர்த்தவை. குண்டின் பங்கைப் பூச்சு குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கேப்பின் மிச்சம் காலிக் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. கூடுகளை மக்காச்சோளச் சக்கைத் தூளிலோ அக்ரூட் ஓட்டுத் தூளிலோ போட்டு உருட்டிப் பளபளப்பாக்கும் இயந்திரத்தைத் திறக்கும்போது பறக்கும் தூசி இந்த முழு வேலையிலும் மோசமான கட்டங்களில் ஒன்று. குண்டைப் பூசுவதில் அக்கறை காட்டும் ஒருவர் அந்தத் தூசியை வீட்டுக் கூடத்தில் கொட்டிச் சலித்தால், அவர் சேமித்ததெல்லாம் அங்கே தொலைந்துபோகிறது.

நாற்பது வருடமாக வார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த வாதம். மனிதர் பொய் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஈயம் உடனே படுக்கையில் தள்ளுகிற நோய் அல்ல. கொஞ்சம் இரத்த அழுத்தம், கொஞ்சம் சிறுநீரகம், கொஞ்சம் மறதி, கொஞ்சம் எரிச்சல். வயதானால் வருவதுதானே என்று விட்டுவிடக்கூடிய சங்கதிகள். ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு உணர்வு சாட்சியாகாது, சோதனைச் சாலையின் எண்தான் சாட்சி. சுகாதாரமாக வேலை செய்து, வருடம் ஒருமுறை சோதித்து, குறைந்த எண்ணைக் காட்டும் வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்தால் பூச்சைவிட வேறு பழக்கங்களே கண்ணில் படும்: திறந்த வெளியில் உருக்குவது, அந்த இடத்தில் தின்னாதது, குடிக்காதது, தனி உடுப்பு, தனி அடுப்பு, வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. இவற்றில் எதுவும் வண்ணமயமாக இல்லை என்பதால் பேச்சில் அடிபடுவதில்லை.

பூச்சு மட்டும் ஈயத்தை அடக்கிவிடாது என்பதற்கு மனிதர்களைவிடத் தெளிவான சாட்சி வாத்துகள். வேட்டைக்காரர்கள் நீர்நிலைகளில் இறைத்த ஈயச் சன்னங்களை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி லட்சக்கணக்கில் செத்தன. அமெரிக்காவில் மாற்று தேடியபோது, பூச்சுப் போட்ட ஈயச் சன்னத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். இரையை அரைப்பதற்கென்றே பறவைக்குள் இருக்கும் தசைப்பை அந்தப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டது, வாத்து செத்தது. 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈயச் சன்னம் தடை செய்யப்பட்டு உருக்குச் சன்னம் வந்தது. 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கிப்போன கலிபோர்னியா காண்டோர் கழுகும் குண்டடிபட்ட விலங்கின் இறைச்சியிலிருந்த ஈயத்தால் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்ததால், அந்த மாநிலம் 2013இல் சட்டம் போட்டு 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே விலக்கிவிட்டது. பூசினாலும் ஈயக் குண்டு ஈயக் குண்டுதான் என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. செம்புக் குண்டு விலை அதிகம், வீட்டில் வார்க்கவும் முடியாது என்ற முறையீடு நியாயமானது. காகித இலக்கைச் சுடுகிறவருக்கும் காட்டில் சுடுகிறவருக்கும் ஒரே விதி தேவையா என்று அங்கே இன்னும் வழக்காடுகிறார்கள். இலக்கைச் சுடுகிறவரிடம் ஈயத்தைப் பிடுங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மண்மேட்டில் புதைந்த குண்டுகளைத் தோண்டி மறுபடி உருக்கும்போது, கருகிய பூச்சும் சேர்ந்து புகையும் என்பதையும் அவர் கணக்கில் வைத்துக்கொண்டால் சரி.

நம் பக்கம் தோட்டா வார்ப்பவர்கள் இல்லை. ஆனால் காரீயத்தை உருக்குபவர்கள் இருக்கிறார்கள். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை உலகில் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாகக் கணித்தது. அதில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பழைய பேட்டரிகளைத் தெருவோரம் உடைத்து உருக்குவது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் அதை வீட்டு அடுப்பிலேயே செய்துவிடுவதும் உண்டு. அப்படிச் செய்கிறவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், முற்றத்துக்கு வெளியே காற்றோட்டத்தில் உருக்குங்கள், கசடைக் குப்பையில் போடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை பெரிய பரிசோதனைக் கூடங்களில் உண்டு. டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்.